ஒரே உறையில் இரண்டு கத்தி

மாதத்தின் கடைசி நாள் இரவில் மட்டும் ஓடும் அறிக்கை அது. நான் அப்போது வேலை பார்த்த இடத்தில், அதை நம்பித்தான் மறுநாள் காலை கணக்குப் பிரிவு உட்காரும். அந்த மாதம் அறிக்கை வரவில்லை. இரவுப் பணியில் இருந்த பையன் திரையைத் திருப்பிக் காட்டினான். “லாக்ல ஒண்ணுமே இல்ல சார். ஆரம்பிச்சதுன்னு ஒரு வரி இருக்கு. முடிஞ்சதுன்னும் வரல, தப்புன்னும் வரல.”

காரணம் பிடிபட மதியம் ஆகிவிட்டது. பதினொரு நாளுக்கு முன் நாங்களே செய்த திருத்தம்தான். எங்கள் ஜாவா அப்ளிகேஷனின் டேட்டாபேஸ் டிரைவர், உள்ளுக்குள் ஒரு பொது லைப்ரரியின் பழைய பதிப்பை நம்பியிருந்தது. புதிதாகச் சேர்த்த அறிக்கைக் கருவி அதே லைப்ரரியின் புதிய பதிப்பைக் கேட்டது. இரண்டையும் சேர்த்துக் கட்டியதும் டிரைவர் இணைப்பே எடுக்காமல் ‘நோ சச் மெத்தட் எரர்’ என்று விழுந்தது. பில்ட் கோப்பில் ஒரு வரி சேர்த்துப் பழைய பதிப்பைப் பூட்டினோம். டிரைவர் இணைந்தது, டெஸ்ட் எல்லாம் பச்சை காட்டியது, வீட்டுக்குப் போனோம். புதிய பதிப்பில் மட்டுமே இருக்கும் ஒரு மெத்தடை அறிக்கைக் கருவி ஒரே ஓர் இடத்தில் கூப்பிடுகிறது என்பதும், அந்த இடம் மாதக் கடைசியில்தான் ஓடும் என்பதும் எங்களுக்குத் தெரியாது.

ஜாவாவில் இந்த ‘நோ சச் மெத்தட்’ பிழை ‘எக்செப்ஷன்’ குடும்பத்தில் சேராது, ‘எரர்’ குடும்பம். எங்கள் நிரலோ எக்செப்ஷனை மட்டும் பிடித்து லாகில் எழுதும். பிழை அந்த வலையில் சிக்காமல், பின்னணி வேலையின் முடிவை வைத்திருக்கும் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அந்தப் பெட்டியை யாரும் திறந்து பார்க்கவில்லை.

அந்த ஒரு வரிப் பூட்டு இன்றும் எத்தனையோ திட்டங்களில் தீர்வு என்ற பெயரில் குடியிருக்கிறது. அதைத் தீர்வு என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனமில்லை. பதிப்பு மோதலைத் தீர்க்கும் எந்த வழியையும், தோல்வி எப்போது வெடிக்கிறது, யார் கையில் வெடிக்கிறது என்பதை வைத்துத்தான் எடைபோட வேண்டும். கட்டும்போதே வெடித்தால் அரை நாள் வேலை கெடும். ஓடும்போது வெடித்தால் கெடுவது யாருடைய வேலை என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. டேட்டாபேஸ் டிரைவர் விஷயத்தில் இந்தக் கேள்விக்குக் கனம் கூடுதல். அப்ளிகேஷனின் எல்லாப் பாதைகளும் அதன் வழியாகத்தான் போகின்றன; அதற்குக் கீழே இருப்பது தரவு.

முதலில் பில்ட் கருவிகள் தாமாகவே செய்யும் பஞ்சாயத்து. ஒரே லைப்ரரியின் இரண்டு பதிப்புகள் வந்தால், டிபெண்டன்சி மரத்தில் வேருக்கு அருகில் இருப்பதை மேவன் எடுத்துக்கொள்ளும். இரண்டும் ஒரே ஆழம் என்றால் முதலில் எழுதப்பட்டது ஜெயிக்கும். புதியதா பழையதா என்ற கேள்வியே அங்கு எழுவதில்லை. இரண்டாம் மட்டத்தில் 19 இருந்து, மூன்றாம் மட்டத்தில் உள்ள ஒன்று 25-ஐக் கேட்டால், 19 வரும். கிரேடில் இரண்டில் உயர்ந்த பதிப்பை எடுக்கும். கேட்பதற்கு இது நியாயமாகத் தெரியும். புதிய பதிப்பில் பழைய மெத்தடை நீக்கியிருந்தால் அந்த நியாயம் அங்கேயே முடிகிறது. இரண்டு கருவிகளும் எண்ணைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கின்றன. நிரலுக்குள் எது எதைக் கூப்பிடுகிறது என்று இரண்டுமே பார்ப்பதில்லை. கிரேடிலின் விதி சற்று மேல் என்பேன், அவ்வளவுதான். மேவனின் விதியில் நான் காணும் பெரிய குறை, அது தோற்றவரிடம் சொல்வதில்லை. மரத்தை அச்சிட்டுப் பார்க்கும் கட்டளையை நாமே கொடுத்தால்தான் எந்தப் பதிப்பு கழித்துக்கட்டப்பட்டது என்று தெரியும்.

கருவியின் குறை இவ்வளவு. டிரைவர் எழுதுபவரின் பொறுப்பு எங்கே தொடங்குகிறது என்பதற்கு அப்பாச்சி கசாண்ட்ரா டேட்டாபேஸின் ஜாவா டிரைவரும் கூகுளின் குவாவா லைப்ரரியும் சேர்ந்து நடத்திய வரலாற்றைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

டேட்டாஸ்டாக்ஸ் வெளியிட்ட அந்த டிரைவரின் 3.x வரிசையில் குவாவா உள்ளறையில் இருக்கவில்லை, வாசல் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தது. ஒரு வினவலை ஒத்திசைவின்றி அனுப்பினால் திரும்பக் கிடைப்பது ‘ரிசல்ட்செட் ஃபியூச்சர்’. அது குவாவாவின் ‘லிசனபிள் ஃபியூச்சர்’ என்ற வகையின் வாரிசு. ஆக, டிரைவரைப் பயன்படுத்தும் ஒவ்வொரு அப்ளிகேஷனும், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், டிரைவருடன் ஒரே குவாவாவைப் பகிர்ந்தாக வேண்டும். அந்தக் காலத்துக் குவாவாவோ நிலைத்து நிற்கும் பொருளாக இல்லை. ‘ஃபியூச்சர்ஸ்’ வகுப்பிலிருந்த ‘வித்ஃபால்பேக்’ என்ற மெத்தட் 20-ஆம் பதிப்பில் நீக்கப்பட்டது. டிரைவரின் தொடக்க 3.x வெளியீடுகள் இணைப்பைத் தொடங்கும் இடத்திலேயே அதைக் கூப்பிட்டன. குவாவா 20 உள்ளே வந்ததும் டிரைவர் வாசலிலேயே தடுக்கி விழுந்தது. மறுபக்கம் பெருந்தரவுக் கருவிகளில் ஹடூப் 2.x குவாவா 11.0.2-ஐப் பல ஆண்டுகள் சுமந்துகொண்டிருந்தது, ஸ்பார்க்கின் 1.x வரிசை 14-ஐ வைத்திருந்தது. கசாண்ட்ராவும் ஸ்பார்க்கும் ஒன்றாகப் புழங்கிய காலம் அது. டிரைவருக்கு 16.0.1-க்குக் கீழே ஆகாது. அதற்குமுன் இருந்த பதிப்புகளில் வகைகளை இனங்காணும் பகுதியில் ஒரு பிழை. அத்தகைய குவாவா கண்ணில் பட்டால், டிரைவர் தொடங்க மறுத்து, குவாவாவின் 1635-ஆம் எண் பிழை இருப்பதாகவும் மேம்படுத்தும்படியும் எழுதிவைத்துவிட்டு நின்றுவிடும்.

அந்தச் செய்தியைத் திரையில் பார்த்தவர்கள் அலுத்துக்கொண்டார்கள். எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு. ஒத்துவராத லைப்ரரியை வைத்துக்கொண்டு அரைகுறையாக ஓடி, ஒரு வகையை இன்னொன்றாகப் புரிந்துகொண்டு தரவை எழுதுவதற்கு, நின்றுவிடுவது எவ்வளவோ மேல். அதற்குப் பின் 3.x வெளியீடுகளில் சேர்ந்த ஏற்பாட்டை அதே அளவுக்குப் பாராட்ட முடியவில்லை. ஓடும் நேரத்தில் எந்தக் குவாவா கிடைத்திருக்கிறது என்று டிரைவரே மோப்பம் பிடித்து, 18 வரை என்றால் ஒரு வழி, 19 முதல் என்றால் இன்னொரு வழி என்று மாறிக்கொள்ளும் ஒரு பொருந்தல் வகுப்பு அது. உழைப்பும் அக்கறையும் அதில் தெரிகின்றன. ஆனால் பிறர் வீட்டு மாற்றங்களை எல்லாம் என் வீட்டில் கணக்கு வைத்துக்கொண்டே இருப்பேன் என்று ஒரு டிரைவர் ஒப்புக்கொள்வது முடிவே இல்லாத வேலை. திண்ணையில் இருப்பவரை எழுப்பி அனுப்பாமல், அவர் வளர வளரத் திண்ணையை நீட்டிக் கட்டியதுபோல.

எழுப்பி அனுப்பியது 2019-இல் வந்த 4.0. ‘லிசனபிள் ஃபியூச்சர்’ இருந்த இடத்தில் ஜாவா 8-இன் சொந்த வகையான ‘கம்ப்ளீஷன் ஸ்டேஜ்’ வந்தது. குவாவாவின் ஒரு நகல் பேக்கேஜ் பெயர் மாற்றப்பட்டு, டிரைவரின் தனி உடைமையானது. ஜாவாக்காரர்கள் ஷேடிங் என்று சொல்வது இதைத்தான். பெயர் வேறு என்பதால், அப்ளிகேஷனின் குவாவா எதுவாக இருந்தாலும் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கவே பார்க்காது. முன்பே இதைச் செய்திருக்கலாமே என்று கேட்பவர் உண்டு. முடியாது. நெட்டி என்ற நெட்வொர்க் லைப்ரரியை 3.x காலத்திலேயே ஷேட் செய்து தனி ஜார் கொடுத்தார்கள். ஏனென்றால் நெட்டி உள்ளே இருந்தது. வெளியே தெரியும் வகையின் பெயரை மாற்றினால் அதைப் பயன்படுத்தும் ஒவ்வொருவரின் நிரலும் உடையும். பொது இடைமுகத்தில் ஒரு முறை பிறர் வகையை வைத்துவிட்டால், அதை எடுக்க அந்த இடைமுகத்தையே உடைக்க வேண்டியிருக்கும்.

4.0 உடைத்தது. பேக்கேஜ் பெயர்கள், வகுப்புகள், அமைப்புக் கோப்பு எல்லாம் மாறின. 3.x-இல் எழுதிய நிரல் அப்படியே கம்பைல் ஆகாது. இந்தச் செலவைப் பலர் டிரைவரின் குற்றமாகவே எண்ணினார்கள். என் பார்வையில் அது பழைய கடன். அடைத்த நாளில்தான் கண்ணுக்குத் தெரிந்தது. பெயர்கள் முழுவதும் மாறியதால் ஒரு நன்மையும் கிடைத்தது. பழைய டிரைவரும் புதியதும் ஒரே அப்ளிகேஷனில் அருகருகே ஓடலாம், பகுதி பகுதியாக மாறிக்கொள்ளலாம். பெயரை வைத்துக்கொண்டு உள்ளடக்கத்தை மட்டும் மாற்றியிருந்தால் இந்த வசதி இருந்திருக்காது.

ஜாவாவின் பொது டேட்டாபேஸ் இடைமுகமான ஜேடிபிசி வழியாகப் பேசும் டிரைவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அவற்றின் முகம் முழுவதும் ஜாவாவின் சொந்த வகைகள். போஸ்ட்கிரெஸ் டிரைவர் கடவுச்சொல் சரிபார்ப்புக்கான சிறு லைப்ரரியை உள்ளே ஷேட் செய்து வைத்திருப்பது வெளியே யாருக்கும் உறைக்கவில்லை.

அப்படியானால் எல்லாவற்றையும் ஷேட் செய்துவிடலாமா? இங்கேதான் எதிர்த்தரப்பின் வாதம் வலுவாக நிற்கிறது, அதைச் சுலபமாகத் தள்ள முடியாது. 2021 டிசம்பரில், லாக் எழுதும் லைப்ரரியான லாக்4ஜேயின் பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது, மரத்தில் பெயரோடு இருந்த பிரதிகளைத் தேடிப் பதிப்பை உயர்த்துவது எளிதாக இருந்தது. பிற ஜார்களுக்குள் ஊறிக் கலந்திருந்த பிரதிகளைத்தான் பலர் நாள்கணக்கில் தேடினார்கள். உள்ளே மறைந்த நகலைப் பயன்படுத்துபவரால் மாற்ற முடியாது; டிரைவரின் அடுத்த வெளியீட்டுக்குக் காத்திருக்க வேண்டும். குவாவாவிலேயே தற்காலிகக் கோப்புறை தொடர்பான ஒரு பாதுகாப்புக் குறை 2020-இல் பதிவாயிற்று. அப்போது 4.x டிரைவர் ஷேட் செய்து வைத்திருந்த குவாவா 25.1, அந்தக் குறைக்குள் அடங்கும் பதிப்பு. டிரைவர் குறைபட்ட அந்த மெத்தடைத் தொடாவிட்டாலும் ஸ்கேனர் கருவி அதையெல்லாம் பார்க்காது, சிவப்புக் கொடியைத் தூக்கும். ஆனாலும் இங்கு ஒரு நல்ல முடிவைக் குறிப்பிட வேண்டும். ஷேட் செய்த குவாவாவை டிரைவரின் வயிற்றுக்குள் கரைக்காமல், பதிப்பு எண் தெரியும்படி தனி ஜாராக வெளியிட்டார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கவில்லை. எதிர்வாதத்தின் பாதிக்கு இதுவே பதில். மீதிப் பாதிக்குப் பதில், டிரைவர்க்காரர்கள் விரைந்து வெளியீடு செய்வது மட்டும்தான். அந்த வாக்கைக் காப்பாற்ற முடியாத சிறிய குழு ஷேடிங்கைத் தொடாமல் இருப்பது நல்லது.

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும், குவாவாவின் பக்கம். பீட்டா அடையாளம் இல்லாத எதையும் இனி நீக்குவதில்லை என்று அவர்கள் முடிவெடுத்தார்கள். அப்படி நீக்கிய கடைசி வெளியீடு 21.0. அந்த உறுதி கிடைத்த பிறகு, ‘உயர்ந்த பதிப்பை எடு’ என்ற எளிய விதிகூடப் பெரும்பாலும் வேலை செய்யத் தொடங்கியது. ஆயிரம் அப்ளிகேஷன்கள் எழுதும் பூட்டு வரிகளைவிட, கீழே இருப்பவர் எடுக்கும் ஒரு முடிவுக்கு வலிமை அதிகம்.

இதுவரை சொன்னதெல்லாம் ஜாவாவுக்குள். பெயரை மாற்றி ஒதுங்கிக்கொள்ள அங்கு இடம் உண்டு. சி மொழியில் எழுதிய லைப்ரரி உள்ளே வந்தால் அந்த வசதி கையைவிட்டுப் போகிறது. கசாண்ட்ரா டிரைவரிலேயே இதன் சாயல் இருந்தது. ஷேட் செய்த நெட்டியோடு, சி-யில் எழுதிய லினக்ஸின் ஈபோல் வழியைச் சேர்த்துப் பயன்படுத்த முடியவில்லை. பைதானில் அது முழு வடிவம் எடுத்தது.

பைதானிலிருந்து போஸ்ட்கிரெஸுடன் பேசப் பெரும்பாலோர் எடுப்பது சைக்கோபிஜி2. 2017-இல் வந்த 2.7, லினக்ஸுக்கும் முன்கூட்டியே கட்டிய ‘வீல்’ பொதிகளைக் கொடுத்தது. கம்பைலர் வேண்டாம், ஒரே கட்டளையில் நிறுவலாம். அந்தப் பொதிக்குள் போஸ்ட்கிரெஸின் கிளையன்ட் லைப்ரரியும் அதற்கான குறியாக்க லைப்ரரி ஓப்பன்எஸ்எஸ்எல்லின் நகலும் இருந்தன. பைதானின் சொந்த எஸ்எஸ்எல் பகுதியோ கணினியில் ஏற்கெனவே இருக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல்லை ஏற்றும். ஒரே புராசஸில் இரண்டு பிரதிகள், ஒரே உறையில் இரண்டு கத்தி. ஒரு திரெட் டேட்டாபேஸோடும் இன்னொன்று வெளியே ஒரு இணையச் சேவையோடும் பேசும் நேரத்தில் புராசஸ் செத்து விழுந்தது. பைதான் பிழைச்செய்தி ஏதும் கிடையாது, ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ என்ற இரண்டு சொல் மட்டும். நகல் எடுத்து உள்ளே வைப்பது என்ற அதே வைத்தியம்தான். ஜாவாவில் உயிர் காத்தது இங்கே உயிரை எடுத்தது.

2018 பிப்ரவரியில் வந்த 2.7.4, முன்கட்டிய பொதியை ‘சைக்கோபிஜி2-பைனரி’ என்ற தனிப் பெயரிலும் கொடுத்தது. அது பழகிப் பார்ப்பதற்கு, நிஜப் பயன்பாட்டுக்கு மூலத்திலிருந்து கட்டிக்கொள்ளுங்கள் என்பது திட்டத்தின் அறிவுரை. மறு ஆண்டு வந்த 2.8 முதல், சைக்கோபிஜி2 என்று கேட்டால் லினக்ஸில் மூலம்தான் கிடைக்கும். பைதான் படிக்கத் தொடங்கிய எத்தனையோ பிள்ளைகள் முதலில் முட்டிக்கொண்ட சுவர், ‘பிஜி கான்ஃபிக் கிடைக்கவில்லை’ என்ற அந்தச் செய்தியாகத்தான் இருக்கும். கம்பைலரும் போஸ்ட்கிரெஸின் டெவலப்மென்ட் கோப்புகளும் நிறுவிய பிறகுதான் கதவு திறக்கும். தோல்வியை ஓடும் நேரத்திலிருந்து நிறுவும் நேரத்துக்கு இழுத்து வந்தார்கள் என்பதால், என் அளவுகோலில் இந்த முடிவு தேறுகிறது. அதைச் செய்த விதம் தேறவில்லை. இரண்டு பொதிகளும் ஒரே கோப்புறைப் பெயரில் போய் இறங்குகின்றன. ஒன்று மற்றொன்றுக்கு ஈடு என்று பிப் கருவிக்குச் சொல்ல வழியில்லை. உங்கள் திட்டம் ஒன்றைக் கேட்டு, நீங்கள் சேர்த்த லைப்ரரி மற்றதைக் கேட்டால், இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக எழுதப்படும். ஒன்றை நீக்கினால் மற்றதும் முடமாகும். ஒரு மோதலைத் தீர்க்கப்போய் வேறொரு மோதலுக்கு விதை போட்டாயிற்று.

2021-இல் வந்த சைக்கோபிஜி 3 இந்தத் தவறைத் திருத்தியது என்பதை மனநிறைவோடு எழுதுகிறேன். அடிப்படைப் பொதி தூய பைதான், அதற்கு ஒரே பெயர். வேகத்துக்கு சி பகுதி வேண்டுமா, முன்கட்டியதா, தானே கட்டியதா என்பதெல்லாம் அதன்மேல் விருப்பத் தேர்வுகள். நடுவில் இருக்கும் லைப்ரரிகள் அந்த ஒற்றைப் பெயரை மட்டும் கேட்கலாம். தேர்வைக் கடைசியில் அப்ளிகேஷனை ஓட்டுபவர் செய்வார். எந்த இயந்திரத்தில் ஓடப்போகிறது என்று தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

மூன்றாவது வழி, மறுப்பு. ரஸ்ட் மொழியின் கார்கோ கருவி தாராளமானது. ஒத்துவராத இரண்டு பதிப்புகளை ஒரே நிரலில் அருகருகே வைக்க அனுமதிக்கும். ஆனால் வெளியே உள்ள ஒரு சி லைப்ரரியோடு இணைவதாக அறிவித்த பொதி என்றால், அதில் ஒன்றுக்கு மேல் விடாது. எஸ்க்யூலைட் டேட்டாபேஸோடு பேசும் ரஸ்க்யூலைட், எஸ்க்யூஎல்எக்ஸ், டீசல் மூன்றும் கீழே ஒரே இணைப்புப் பொதியில் போய் நிற்கின்றன. ஒன்று ஒரு பதிப்பையும் மற்றது வேறொன்றையும் கேட்டால் பில்ட் அங்கேயே நின்றுபோகும். ஒன்றை மேம்படுத்தப்போனால் மற்றது தடுக்கும், மற்றது புதிய வெளியீடு கொண்டுவரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். எரிச்சல் நியாயமானது.

ஆனால் அந்த மறுப்பு எதைத் தடுக்கிறது என்று பாருங்கள். லினக்ஸ் போன்ற அமைப்புகளில், ஒரு புராசஸ் ஒரு கோப்பை ஒரு முறை மூடினாலே, அந்தக் கோப்பின்மேல் அதே புராசஸ் போட்டிருந்த பூட்டுகள் எல்லாம் கழன்றுவிடும். இதைத் தெரிந்துதான் எஸ்க்யூலைட், தான் திறந்த கோப்புகளின் பட்டியலை உள்ளே வைத்துக்கொண்டு கவனமாக மூடுகிறது. ஒரே புராசஸில் எஸ்க்யூலைட்டின் இரண்டு பிரதிகள் இருந்தால் பட்டியலும் இரண்டு. இரண்டும் ஒரே கோப்பைத் திறந்திருக்க, ஒன்று மூடினால் மற்றது எழுதிக்கொண்டிருக்கும்போதே அதன் பூட்டு போய்விடும். வேறொரு புராசஸ் உள்ளே நுழையும். டேட்டாபேஸ் கோப்பு சிதையும். எஸ்க்யூலைட் குழுவே கோப்பு கெடும் வழிகளில் ஒன்றாக இதை எழுதிவைத்திருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு பில்ட் தோல்வி எவ்வளவு சிறியது! கார்கோவின் விதி எஸ்க்யூலைட்டுக்காக எழுதப்பட்டதல்ல, பொதுவானது. ஆனால் டேட்டாபேஸ் டிரைவருக்குத்தான் அது கச்சிதமாகப் பொருந்துகிறது. எரிச்சலைக் குறைக்கும் வேலை டிரைவர்க்காரர்களுடையது. டீசல் தன் இணைப்புப் பொதிக்கு 0.17 தொடங்கிப் பல பதிப்புகளைத் தழுவும் எல்லையை எழுதிவைத்திருக்கிறது. ஒரே பதிப்பில் ஆணி அடித்துக்கொள்ளாமல், ஒத்துவரும் அத்தனைக்கும் இடம்விட்டு நிற்பது அண்டை வீட்டாருக்குச் செய்யும் மரியாதை.

எனவே என் தீர்ப்பில் முதலிடம் தன் முகத்தில் பிறர் வகையைக் காட்டாத டிரைவருக்கு. உள்ளே வேண்டியதைப் பெயர் மாற்றி, பதிப்பு எண் தெரியும்படி வைத்துக்கொள்வது இரண்டாவது, அதுவும் ஜாவா போன்ற இடங்களில் மட்டும். சி லைப்ரரி என்றால் ஒரே பிரதி. கிடைக்காவிட்டால் கட்ட மறுக்க வேண்டும். அப்ளிகேஷன்காரர் எழுதும் பூட்டு வரி எலும்பு முறிந்த இடத்தில் வைக்கும் மூங்கில் பத்தை போன்றது. வைத்த தேதியும் எடுக்கும் தேதியும் தெரியாமல் அது இருக்கக் கூடாது.

அந்த அறிக்கை விழுந்த வாரத்தில் நாங்கள் மேவனின் என்ஃபோர்சர் பிளகினைச் சேர்த்தோம். முதலில் ‘டிபெண்டன்சி கன்வர்ஜென்ஸ்’ விதியைப் போட்டுப் பார்த்தேன். பில்ட் பச்சையாகவே போயிற்று. யோசித்தால் சரிதான்: எல்லோரும் ஒரே பதிப்புக்கு வந்துவிட்டார்களா என்று மட்டும் அது கேட்கும், எங்கள் பூட்டு வரி எல்லோரையும் பழைய பதிப்புக்கு இழுத்துவந்து ஒன்றாக்கியிருந்தது. பிறகு ‘அப்பர் பவுண்ட்’ விதியைப் போட்டேன். யார் கேட்டதையும்விடக் குறைந்த பதிப்பு உள்ளே இருக்கிறதா என்று கேட்பது அது. உடனே சிவப்பு. அறிக்கைக் கருவி கேட்ட எண், நாங்கள் கொடுத்த எண், இரண்டும் அடுத்தடுத்த வரியில். பையன் நாற்காலியை இழுத்துப்போட்டு அந்த இரண்டு வரிகளையும் தன் நோட்டில் எழுதிக்கொண்டான். டிரைவரை மேம்படுத்தி, பூட்டு வரியை நீக்க எங்களுக்கு அடுத்த மாதக் கடைசிவரை நாள் இருந்தது.